மயக்க மருந்துக்கு அளவு கண்ட டாக்டர்!

ஆபரேஷனுக்கு முன்னால் முகத்தில் மாஸ்க் வைத்து, மூச்சை நல்லா இழுக்கச் சொல்வாங்களே... அந்தக் காற்றில் மருந்து எவ்வளவு கலந்திருக்கணும்? இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோ. காலரா தண்ணீர் வழியே பரவுவதைக் காட்டியவராகத்தான் அவரை நமக்குத் தெரியும். ஆனால், அவருக்குச் சோறு போட்டதென்னவோ மயக்க மருந்துதான்!

1813-ல் இங்கிலாந்தின் யார்க் நகரில், ஒரு கூலித் தொழிலாளியின் மூத்த மகனாகப் பிறந்தார் ஸ்னோ. 14 வயதில் நியூகாசிலில் ஒரு மருத்துவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். பிறகு லண்டனில் படித்து டாக்டரானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டனில் ஈதர் ஆவி கொடுத்து வலியில்லாமல் ஆபரேஷன் செய்து காட்டினார்கள். லண்டனிலும் அது பரவியது. ஆனால், சிலருக்கு மயக்கம் வந்தது. சிலருக்கு வரவே இல்லை. ஏன்? சூடு மாறினால் காற்றில் கலக்கும் ஈதரின் அளவும் மாறிடும் என்று ஸ்னோ கணக்குப் போட்டுக் காட்டினார். கருவியைத் தண்ணீருக்குள் வைத்து, சூடு மாறாமல் பார்த்துக்கொண்டார். மயக்கத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். மருந்தைத் தன் உடம்பிலேயே சோதித்தும் பார்த்தார்.

அடுத்து வந்தது குளோரோஃபார்ம். ஈதரைவிட வேகம்; ஆபத்தும் அதிகம். 1848 ஜனவரியில், நியூகாசில் பக்கத்தில் கால் நகத்தை எடுக்க வந்த 15 வயது ஹன்னா கிரீனர், துணியில் நனைத்த குளோரோஃபார்மை சுவாசித்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். நகத்துக்காக ஓர் உயிர்! துணியில் ஊற்றினால் எவ்வளவு ஆவி உள்ளே போகுதுன்னு யாருக்குத் தெரியும் என்பதுதான் ஸ்னோவின் வாதம். ஆவி அளவு மீறினால் இதயமே நின்றுவிடும் என்று எச்சரித்தார். ஆவியில் காற்றைக் கலந்து நீர்க்க வைத்தே கொடுத்தார். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நோட்டில் குறித்துவைத்தார்.

1853 ஏப்ரல் 7. விக்டோரியா மகாராணிக்கு எட்டாவது பிரசவம். ஸ்னோவுக்கு அழைப்பு வந்தது. கைக்குட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக, வலி வரும்போது மட்டும், 53 நிமிடங்கள் கொடுத்தார். ராணி நினைவிழக்கவில்லை, வலி மட்டும் குறைந்தது. 1857 பிரசவத்துக்கும் அவரையே கூப்பிட்டார்கள்.

1858-ல் குளோரோஃபார்ம் பற்றிய புத்தகத்தை முடிக்கும் நேரத்தில் பக்கவாதம் தாக்கி, 45 வயதில் மறைந்தார் ஸ்னோ. அதே ஆண்டில் புத்தகம் வெளிவந்தது.

இன்று குளோரோஃபார்ம் போய், பாதுகாப்பான மருந்துகள் வந்துவிட்டன. காற்றில் எத்தனை சதவிகிதம் மருந்து என்பதை மெஷினே காட்டுது. ஆனால், உங்க உடம்பைப் பற்றி மெஷினுக்கு எல்லாமே தெரியாது. ஆஸ்துமா இருக்கா, கடைசியாக எப்போ சாப்பிட்டீங்க, குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் சிக்கல் வந்திருக்கா... இதையெல்லாம் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிடுங்க. அளவு சரியாக அமைய, அதுவும் அவசியம்!