காயம் கழுவிய கரைசலும் பல் வேரும்: ஹென்றி டிரைஸ்டேல் டேக்கின்

போத்தனூர், குறிச்சி, வெள்ளலூர்ப் பகுதிகளிலிருந்து பல் வேர் சிகிச்சைக்குச் செல்வோர், நாற்காலியில் அமர்ந்த சிறிது நேரத்தில் பழக்கமான ஒரு மணத்தை உணரக்கூடும். மேல்நிலைத் தொட்டியைத் தூய்மை செய்த மறுநாள் குழாய்த் தண்ணீரில் வரும் பிளீச்சிங் பவுடர் மணமே அது. பல்லுக்குள் இதை ஏன் விடுகிறார்கள் என்று நோயாளிகளும் உடன் வந்தோரும் அஞ்சுவது இயல்பு. வேர்க்கால்வாயைக் கழுவப் பயன்படும் அத்திரவம் சோடியம் ஹைப்போகுளோரைட் ஆகும். உயிருள்ள திசுவில் அதை எந்த அளவில், எவ்வாறு பயன்படுத்துவது என்று வகுத்தவர் ஹென்றி டிரைஸ்டேல் டேக்கின். அவர் பல் மருத்துவர் அல்லர், மருத்துவரும் அல்லர். அவர் ஒரு வேதியியலாளர்.

டேக்கின் 1880 மார்ச் 12 அன்று இலண்டனில் பிறந்தார். லீட்ஸ் நகரில் வளர்ந்தார். இளமையில் அந்நகரின் அரசுப் பகுப்பாய்வாளரிடம் பயிற்சி பெற்று, தண்ணீர், பால், உணவுப் பொருட்கள் ஆகியவற்றைச் சோதிக்கக் கற்றார். அளவு பார்த்துச் சோதிக்கும் அப்பழக்கமே அவருடைய பிற்காலப் பணிக்கு அடித்தளமாயிற்று எனக் கருத இடமுண்டு. லீட்ஸிலும் பின்னர் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கிலும் பயின்ற அவர், 1905-ல் நியூயார்க் சென்று, கிறிஸ்டியன் ஹெர்ட்டர் என்ற மருத்துவரின் வீட்டில் இயங்கிய தனியார் ஆய்வகத்தில் பணியேற்றார். அங்கு உடலின் வேதி மாற்றங்களையே ஆராய்ந்துவந்தார்.

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. உரமிட்ட வயல்மண்ணும் துணித்துண்டுகளும் குண்டுக் காயங்களில் புகுந்து சீழ்பிடித்தன. குண்டுக்குத் தப்பியவர்கள் சீழுக்குத் தப்பவில்லை; கை கால்களை வெட்டியெடுப்பது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. நாடு திரும்பிய டேக்கின், பிரான்சின் கோம்பியேன் நகரில் நோபல் பரிசு பெற்ற அறுவை மருத்துவர் அலெக்சிஸ் கேரல் நடத்திய போர்க்கால மருத்துவமனையில் சேர்ந்தார்.

அங்கு அவர் 200-க்கும் மேற்பட்ட பொருட்களை ஒப்பிட்டுச் சோதித்தார். அவருடைய கேள்வி எளியது: சோதனைக் குழாயில் கிருமியைக் கொல்லும் மருந்து, குருதியும் சீழும் கலந்த காயத்தில் அதே வேலையைச் செய்கிறதா? பெரும்பாலான மருந்துகள் செய்யவில்லை. குருதிநீர் கலந்தவுடன் அவற்றின் ஆற்றல் குன்றியது. ஆற்றல் குன்றாதவை பல, கிருமியோடு நல்ல தசையையும் எரித்தன.

ஹைப்போகுளோரைட் அவர் கண்டுபிடித்த பொருளன்று. துணி வெளுக்க அது நூறாண்டுகளுக்கு மேலாகவே பயன்பட்டுவந்தது. ஆனால் அக்காலக் கரைசல்கள் காரத்தன்மை மிகுந்தவை. ஒரு புட்டியில் இருந்த வலிமை மற்றொன்றில் இராது. டேக்கின் அக்காரத்தைப் போரிக் அமிலத்தால் தணித்து, வலிமையை ஏறத்தாழ 0.5 சதவீதத்தில் நிறுத்தினார். கரைசல் நாள்பட்டால் கெட்டுவிடும். ஆகவே புதிதாகத் தயாரிக்க வேண்டும் என்றும் வரையறுத்தார். 1915-ல் இந்த ஆய்வு வெளியாயிற்று. காயத்தினுள் மெல்லிய ரப்பர் குழாய்களைச் செருகி, சுமார் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புதிய கரைசலைச் செலுத்தும் முறையைக் கேரல் அமைத்தார். அழுக்கோடு வினைபுரிந்த கரைசல் ஆற்றலை இழந்துவிடுவதால், மீண்டும் மீண்டும் புதியது வேண்டியிருந்தது. அதே ஆண்டில் அக்விட்டானியா என்ற மருத்துவமனைக் கப்பலில், கடல்நீரில் மின்சாரம் பாய்ச்சி அங்கேயே ஹைப்போகுளோரைட் தயாரிக்கவும் டேக்கின் ஏற்பாடு செய்தார்.

போருக்குப் பின் அவர் நியூயார்க் மாநிலத்திற்குத் திரும்பி, ஹட்சன் ஆற்றங்கரையில் தம் வீட்டை அடுத்த ஆய்வகத்தில் அமினோ அமிலங்களை ஆராய்ந்தார். மேடைகளை விரும்பாத அவருக்கு 1941-ல் டேவி பதக்கம் வழங்கப்பட்டது. 1952 பிப்ரவரி 10 அன்று காலமானார். பல் மருத்துவத்தில் தம் பெயர் நிலைக்கும் என்று அவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

கரைசல் பல்லுக்குள் வந்த வழி நேரானதன்று. 1919-லேயே அமெரிக்கப் பல் மருத்துவர் கூலிட்ஜ் அதை வேர்க்கால்வாயில் பயன்படுத்தினார். ஆனால் அக்காலத்தில், கெட்ட பல் உடல் முழுவதற்கும் நோயைப் பரப்பும் என்ற கருத்து ஓங்கியிருந்தது. காப்பாற்றக்கூடிய பற்களும் ஏராளமாகப் பிடுங்கப்பட்டன. இந்தியாவில் 1920-ல்தான் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் தோன்றியது. இதற்கிடையே 1936-ல் வாக்கரும், 1941-ல் கிராஸ்மனும், ஹைப்போகுளோரைட் இறந்த பற்கூழைக் கரைக்கிறது என்பதை எடுத்துக்காட்டினர். இந்தக் கரைக்கும் பண்பே அதற்கு இன்றளவும் முதலிடம் தருகிறது. வேர்க்கால்வாய் நேரான குழாய் அன்று. கிளைகளும் இடுக்குகளும் கொண்டது. ஊசிக் கருவி தொடாத இடத்தைத் திரவமே தொட முடியும்.

டேக்கின் எழுப்பிய கேள்வியைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் பிஸ்ட்ரோமும் சண்ட்க்விஸ்ட்டும் பல்லில் எழுப்பினர். 1983-ல் வெளியான அவர்களது ஆய்வில், உப்புநீரால் கழுவப்பட்ட 15 வேர்க்கால்வாய்களில் ஐந்தாம் வருகையில் 8 மட்டுமே கிருமியின்றி இருந்தன. 0.5 சதவீத ஹைப்போகுளோரைட்டால் கழுவப்பட்ட 15-ல் 12 கிருமியின்றி இருந்தன. 1985-ல் அவர்கள் 0.5 சதவீதக் கரைசலையும் 5 சதவீதக் கரைசலையும் ஒப்பிட்டபோது, கிருமி நீக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வலிமை கூடினால் பலன் கூடும் என்று நோயாளிகள் எண்ண வேண்டியதில்லை. எனினும் வலிமை மிகுந்த கரைசல் திசுவை விரைவாகக் கரைப்பதால், மருத்துவர்கள் இன்று 0.5 முதல் 6 சதவீதம் வரை தேவைக்கேற்பத் தேர்ந்தெடுக்கின்றனர்.

பிற முறைகளையும் இதனோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். குளோரெக்சிடின் 2 சதவீதக் கரைசல் கிருமியைக் கொல்லும், அதன் விளைவு நீடிக்கும், மணமும் குறைவு. ஆனால் இறந்த திசுவைக் கரைக்காது. ஹைப்போகுளோரைட்டுடன் நேரடியாகக் கலந்தால் பழுப்பு நிறப் படிவு உண்டாகும். ஆகவே இடையில் கழுவி நீக்கிய பின்னரே மற்றதைப் பயன்படுத்துவர். ஈ.டி.டி.ஏ. என்னும் திரவம், கருவி உராய்வதால் கால்வாய்ச் சுவரில் படியும் தூளை அகற்றும். தனியே கிருமிநீக்கி ஆகாது. கால்சியம் ஹைட்ராக்சைடு பசை, இரு வருகைகளுக்கு இடையே உள்ளே வைத்து மூடப்படும் மருந்து. மீயொலி அதிர்வு, லேசர் ஆகியவை திரவத்தைக் கலக்கி இடுக்குகளுக்குச் செலுத்த உதவுகின்றன. அவை திரவத்திற்கு மாற்று அல்ல. எந்தத் திரவம் மற்றவற்றைவிடச் சிறந்தது என்று உறுதியாகக் கூறப் போதிய சான்று இல்லை என்றே 2012-ஆம் ஆண்டின் காக்ரேன் திறனாய்வு முடிவு செய்தது. எனவே இம்மருத்துவமனையில் லேசர் உண்டு, அங்கு இல்லை என்பதைக் கொண்டு மட்டும் சிகிச்சையின் தரத்தை அளவிட வேண்டாம். பல்லைச் சுற்றி ரப்பர் திரை இடுகிறார்களா என்று கேட்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி. எச்சில் உள்ளே செல்லாமலும், திரவம் தொண்டைக்குள் இறங்காமலும் அது தடுக்கும்.

திரிபலா போன்ற மூலிகைச் சாறுகள் குறித்துப் பலர் கேட்கின்றனர். பிடுங்கிய பற்களில் செய்யப்பட்ட ஆய்வகச் சோதனைகளில் அவை கிருமியைக் குறைத்துள்ளன. ஆனால் சோதனைக் குழாய்க்கும் உயிருள்ள திசுவுக்கும் உள்ள தூரத்தைத்தான் டேக்கின் கோம்பியேனில் கண்டார். கிராம்புத் தைலம் வலியைச் சற்றுத் தணிக்கும். வேர் நுனியிலுள்ள சீழை அது அடையாது.

வீட்டிலுள்ள பிளீச்சிங் பவுடரையோ வெளுப்புத் திரவத்தையோ நீரில் கலந்து வாய் கொப்பளிப்பது ஆபத்தானது, ஒருபோதும் செய்யாதீர்கள். மருத்துவரின் கையிலும் இக்கரைசல் வேர் நுனியைத் தாண்டினால் தீங்கு செய்யும். அது அரிதாகவே நேரும். கழுவும்போது திடீரெனக் கடும் எரிச்சலோ வலியோ தோன்றினால் உடனே கையை உயர்த்தித் தெரிவியுங்கள். வீடு திரும்பிய பின் கன்னம் விரைவாக வீங்கினாலோ, தோல் கன்றிக் கறுத்தாலோ, அன்றே சிகிச்சையளித்த மருத்துவரிடம் செல்லுங்கள். காய்ச்சல், வாய் திறக்க இயலாமை, விழுங்குவதிலோ மூச்சு விடுவதிலோ சிரமம் ஆகியவை இருந்தால் காத்திராமல் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வலி நின்றவுடன் அடுத்த வருகையைத் தவிர்ப்போர் பலர். உள்ளே வைத்த மருந்து தற்காலிகமானது. மேலே அடைத்த சிமெண்டும் அவ்வாறே. அது தேய்ந்தோ உடைந்தோ போனால் எச்சில் வழியே கிருமிகள் மீண்டும் புகும், கழுவியது வீணாகும். குளோரெக்சிடின், லேட்டக்ஸ் ரப்பர், வேறு மருந்துகள் ஆகியவற்றில் எதற்கேனும் ஒவ்வாமை இருந்தால் முதல் வருகையிலேயே மருத்துவரிடம் கூறுங்கள். முதியோருடன் செல்பவர்கள், அவர்கள் உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.