சேர் ஹென்றி வார்டும் கண்டிப் புகைவண்டிப் பாதையும்

நாட்டிற்குப் பாதை வகுப்போர், அப்பாதையிற் செல்லும் தலைமுறைகள் பலவற்றின் வாழ்வையும் உடன் வகுத்துவிடுகின்றனர். பாதை தொடும் ஊர் தழைக்கும். பாதை விலகிய ஊர் ஒதுங்கி நிற்கும். இவ்வுண்மையைக் கண்கூடாகக் காணவேண்டுவோர் சப்பிரகமுவ மாகாணத்துக் கேகாலைக்குச் செல்லலாம். மாவட்டத்தின் தலைநகராயிருந்தும் அந்நகருக்குப் புகைவண்டி நிலையம் இல்லை. வண்டியேற வேண்டுவோர் ரம்புக்கனைக்கேனும் பொல்காவலைக்கேனும் செல்லல் வேண்டும். இந்நிலைக்குக் காரணமான முடிவு 1857ஆம் ஆண்டை ஒட்டி எடுக்கப்பட்டது. அக்காலத்து இலங்கைத் தேசாதிபதி சேர் ஹென்றி ஜோர்ஜ் வார்ட் என்பார். கொழும்பில் வார்ட் பிளேஸ் என்னும் வீதியின் பெயரால் இன்றும் நினைக்கப்படும் அவர்தம் வாழ்வு, பாதை தெரிதலின் அருமையை நமக்கு நன்கு உணர்த்துவதாகும்.

வார்ட் 1797ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் றொபேட் பிளமர் வார்ட் அரசியலிலும் நாவல் எழுதுவதிலும் பெயர்பெற்றவர். மைந்தர் இளமையிலேயே தூதரகப் பணியிற் புகுந்து, ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றிற் கடமையாற்றி, பின்னர் மெக்சிக்கோவுக்குச் சென்றார். 1825 முதல் 1827 வரை அங்குப் பிரித்தானியப் பிரதிநிதியாயிருந்து, அந்நாட்டைப்பற்றி விரிவான நூலொன்றும் இயற்றினார். 1832இல் பாராளுமன்றம் புகுந்து, சீர்திருத்தக் கொள்கையினர் என்று பெயரெடுத்தார். ஆயின், 1849இல் அயோனியத் தீவுகளின் ஆட்சித்தலைவராய்ச் சென்றபோது, செபலோனியாவில் எழுந்த கிளர்ச்சியை மிகக் கடுமையாக அடக்கினார். பலர் தூக்கிலிடப்பட்டனர், பலர் கசையடி பெற்றனர். மக்களுரிமை பேசிய நாவே தண்டனை விதித்த முரண்பாட்டை அவர் வரலாறு எழுதுவோர் மறைப்பதில்லை. விரைந்து துணிதல், துணிந்ததை விடாது நடத்தல் என்னும் இரு குணங்களும் அவர்பால் ஒருங்கே அமைந்திருந்தன. அவற்றால் விளைந்த நன்மையும் தீமையும் இலங்கையிலும் தொடர்ந்தன.

1855இல் வார்ட் இலங்கைக்கு வந்தபோது கோப்பிப் பயிர் மலைநாட்டில் உச்சநிலையில் இருந்தது. கண்டிச் சீமையில் விளைந்த கோப்பி முழுவதும், தேசாதிபதி எட்வேட் பான்ஸ் காலத்தில் அமைந்த கடுகண்ணாவைப் பாதை வழியாக, மாவனல்லையையும் கேகாலையையும் கடந்து, மாட்டு வண்டிகளில் கொழும்புத் துறைமுகத்தை அடைந்தது. மழைக்காலத்திற் பாதை சேறாகும். மாடுகள் நோயுற்று மடியும். மூடைகள் வழியிலே கிடந்து கெடும். தோட்டத்துரைமார் புகைவண்டி வேண்டுமென்று ஓயாது முறையிட்டனர். 1845ஆம் ஆண்டிலேயே இலங்கைப் புகைவண்டிக் கம்பெனி என ஒன்று தோன்றியிருந்தும், பத்தாண்டுகளாக ஒரு தண்டவாளமும் கிடத்தப்படவில்லை. வார்ட் அக்கருமத்தைக் கையிலெடுத்தார். செலவின் ஒரு பங்கை ஈடுசெய்தற்பொருட்டுக் கோப்பி ஏற்றுமதிமீது தீர்வை விதிக்கப்பட்டது.

இனி, பாதை எது என்பதே வினாவாயிற்று. இதனை ஆராயுமாறு இங்கிலாந்திலிருந்து கப்டன் வில்லியம் ஸ்கார்த் மூர்சம் என்னும் பொறியியலாளர் அனுப்பப்பட்டார். 1857 மே மாதத்தில் அவர் அளித்த அறிக்கை, கண்டிக்குச் செல்லத்தக்க ஆறு வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. அவற்றுள் மூன்றாம் வழியே ஏற்றதென அவர் பரிந்துரைத்தார். அறுபது அடி சென்றால் ஓரடி உயரும் ஏற்றம், சிறியதொரு சுரங்கம், 856,557 பவுண் செலவு என்பன அவர்தம் மதிப்பீடு.

இந்த மூர்சம் ஏற்றங்களை அறியாதவர் அல்லர். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமையும் குளொஸ்டரையும் இணைக்கும் பாதையை அமைத்தவர் அவரே. அங்குக் குன்றைச் சுற்றிச் செல்லாது, ஏறத்தாழ முப்பத்தெட்டு அடிக்கு ஓரடி உயரும் லிக்கி என்னும் சரிவில் நேரே பாதையை ஏற்றினார். 1840இல் திறக்கப்பட்ட அச்சரிவில் வண்டிகளை ஏற்றுதற்கு அமெரிக்காவிலிருந்து எஞ்சின்கள் தருவிக்கப்பட்டன. சுற்றிச் சென்றால் தூரம் மிகும். நேரே சென்றால் ஏற்றம் மிகும். தூரத்திற்குக் கொடுக்கும் விலை ஒருமுறை. ஏற்றத்திற்குக் கொடுக்கும் விலையோ வண்டி செல்லும் நாள்தோறும். பாதை தெரிவார் அனைவரும் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இதுவே.

பழைய கரத்தைப் பாதை குன்றுகளின்மேல் ஏறியும் இறங்கியும் கேகாலை வழியே சென்றது. காளைக்கு அது இயலும், எஞ்சினுக்கு இயலாது. ஆதலின் புகைவண்டிப் பாதை வடபால் விலகி, மகா ஓயாவின் தாழ்நிலத்தையொட்டிப் பொல்காவலைக்குச் சென்று, கிழக்கே திரும்பி ரம்புக்கனையை அடைந்து, அங்கிருந்து மலையை நேர்கொண்டது. இங்ஙனம் சமநிலத்தை இயன்றவரை பயன்படுத்தி, ஏற்றமனைத்தையும் ஓரிடத்தில் ஒதுக்கிக்கொள்வதே பொறியியலார் கண்ட உபாயம். கேகாலை நகர் கைவிடப்பட்டதற்கு வெறுப்பேனும் மறதியேனும் காரணமன்று. நிலத்தின் அமைப்பே காரணம். 

1858 ஆகஸ்டு 3ஆம் நாள் வார்ட் முதல் மண்ணை வெட்டிப் பணியைத் தொடக்கிவைத்தார். ஆயின், மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. கம்பெனியின் பொறியியலாளர் டொயின் நிலத்தை நுணுகி அளந்தபோது, மூர்சத்தின் கணக்கைப்போல் இரு மடங்குக்கு மேலும் செலவாகும் எனத் தெரியவந்தது. பாதை சரியாகவே தெரியப்பட்டது. அதன் விலைதான் தவறாக எண்ணப்பட்டது. வள்ளுவர் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரம் வகுத்து, செலவையும் வரவையும் பின்விளையும் ஊதியத்தையும் ஒருங்கு எண்ணுமாறு பணித்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. வார்ட் ஊதியத்தை எண்ணினார்; செலவைப் பிறர் எண்ணிக்கொடுத்தவாறே நம்பினார்.

மற்றொரு செலவும் உண்டு. அது மனிதருயிர். தமிழகத்திலிருந்து கடல்கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு வந்த தொழிலாளர் பலர் பசியாலும் நோயாலும் வழியிலே மாண்டனர். 1858இல் குடிபெயர்ந்து வரும் தொழிலாளர்பொருட்டுச் சட்டமொன்று இயற்றப்பட்டு, அவர்தம் வரவைக் கவனிக்க ஆணைக்குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. எனினும், அதன் நோக்கம் தோட்டங்களுக்கு ஆள் குறையாதிருத்தலே. கோப்பி மூடைக்கு எஞ்சின் தேடிய அரசு, அம்மூடையை நிரப்பிய கைகளுக்கு நடைபாதையையே விட்டுவைத்தது. இருப்புப்பாதை வெட்டிய பணியாட்களும் மகா ஓயாப் பள்ளத்தாக்கிற் காய்ச்சலுக்கு இரையாயினர்.

வார்ட் தாம் தொடங்கிய பாதையிற் பயணஞ்செய்யும் பேறு பெறவில்லை. 1860இல் சென்னை மாகாணத்தின் கவர்னராக நியமனம்பெற்று ஜூலை மாதத்தில் அங்குச் சென்றார். சில வாரங்களுக்குள், ஆகஸ்டு 2ஆம் நாள், வாந்திபேதியால் உயிர்நீத்தார். கம்பெனியோடு செய்த உடன்படிக்கை 1861இல் முறிக்கப்பட்டு, பணி முழுவதையும் அரசாங்கமே பொறுப்பேற்றது. ஃபேவியல் என்னும் ஒப்பந்தகாரரும், மோல்ஸ்வேர்த் என்னும் தலைமைப் பொறியியலாளரும் அதனை நிறைவேற்றினர். 1864 டிசம்பர் 27ஆம் நாள் முதல் வண்டி அம்பேபுஸ்ஸவரை ஓடியது. 1867இல் கண்டியை அடைந்தது. மலையில் இறுதியாக அமைந்த ஏற்றம் நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி. மூர்சம் எண்ணியதினும் இது கடியது. ரம்புக்கனையில் வண்டிக்குத் துணையெஞ்சின் பூட்டும் வழக்கம் இதனாலே தோன்றியது.

பின் நிகழ்ந்தவை எவரும் எண்ணாதவை. கண்டிக்கு வண்டி வந்த இரண்டாம் ஆண்டில், 1869இல், கோப்பி இலையில் நோய் கண்டது. இருபதாண்டுக்குள் அப்பயிர் அழிந்தது. எப்பயிரின்பொருட்டுப் பாதை போடப்பட்டதோ அது மறைய, பாதைமட்டும் எஞ்சித் தேயிலைக்குத் தொண்டு செய்தது. பொல்காவலை 1894இல் குருநாகலுக்கும், 1905இல் யாழ்ப்பாணத்தைக் கடந்து காங்கேசன்துறைக்கும் கிளைத்த பாதையின் சந்தியாயிற்று. 1914இல் தலைமன்னார்ப் பாதை திறந்தபின், தனுஷ்கோடியிலிருந்து தோணித்துறை கடந்துவந்த தோட்டத் தொழிலாளர் நடந்து மாளாது, வண்டியிலேயே பொல்காவலை வழியாக மலையேறினர். 1857இல் மூடைக்கெனத் தெரிந்த வழி, அரை நூற்றாண்டின்பின் மனிதர்க்கும் உதவிற்று.

சப்பிரகமுவவின் தென்பகுதி வேறு வகையில் நடத்தப்பட்டது. களனிப் பள்ளத்தாக்குக்குக் குறைந்த செலவிற் குறுகிய பாதை போதுமெனத் தீர்மானித்தனர். அது 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஒப்பநாயக்கவையும் அடைந்தது. தோட்டங்களைத் தொட்டு வளைந்து வளைந்து சென்ற அப்பாதை, மோட்டார் வண்டியோடு போட்டியிட மாட்டாது தேய்ந்தது. எட்டியாந்தோட்டைக் கிளையின் தண்டவாளங்கள் இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பெயர்க்கப்பட்டன. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதியும் 1970களில் மூடப்பட்டது. அவிசாவளைவரை உள்ள பகுதி மட்டும் 1990களில் அகலப்பாதையாக மாற்றப்பெற்று இன்றும் வழங்குகின்றது. செலவு மிகுந்த கண்டிப் பாதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்தது. செலவு சுருக்கிய பாதை இரத்தினபுரியை அறுபது ஆண்டளவே தாங்கியது.

இவ்விடர்ப்பாடு பழங்கதையன்று. ஜப்பான் 1964இல் தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே அதிவேகப் புகைவண்டியை ஓட்டிற்று. அதன் செலவும் முதற்கணக்கை மிகவும் விஞ்சியது; எனினும் இன்று அதனை வீண் என்பார் இல்லை. லண்டனிலிருந்து வடக்கே செல்லுமாறு வகுத்த அதிவேகப் பாதையின் மான்செஸ்டர்ப் பகுதியை, செலவு பெருகியமையால் இங்கிலாந்து 2023இல் கைவிட்டது. இரண்டில் எது தன் நாட்டுக்கு நேரும் என்பதைப் பாதை தெரிவார் முன்னரே அறிதல் அரிது.

வார்டை முற்றும் புகழ்தலும் முற்றும் பழித்தலும் முறையாகா. அவர் துணியாதிருந்தால் இன்னும் பல்லாண்டு கரத்தையே ஓடியிருக்கும். துணிந்தவர் கணக்கைத் தாமே சரிபார்த்திருந்தால், மக்கள் பணம் இத்துணை வீணாகியிராது. கரத்தை வழியே நடந்தோரையும் அன்றே பயணிகளாய் எண்ணியிருந்தால், தலைமன்னார்ப் பாதை அரை நூற்றாண்டு முன்னரே அமைந்திருக்கக்கூடும். இன்று வரைபடத்தின்மீது கோடு இழுப்போர் நிலத்தின் ஏற்றத்தையும், பணத்தின் அளவையும், அக்கோட்டின் இருமருங்கும் வாழ்வோரையும் ஒருசேர எண்ணுதல் கடன். இம்மூன்றனுள் இறுதியானதே எக்காலத்தும் எளிதில் விடுபட்டுப்போவது என்பதை, கடுகண்ணாவைச் சரிவில் ஏறும் மாணாக்கர் ஒவ்வொருவரும் நினைவிற்கொள்வாராக.