டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

நம் திருவண்ணாமலையில் யாருக்கேனும் பெரிய நோய் கண்டால், வேலூருக்குக் கொண்டு போகச் சொல்வார்கள். அந்த வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கிய அம்மையார் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டனர். ஆண் மருத்துவரை அவர்கள் வீட்டார் அனுமதிக்கவில்லை. அத்துயரம் அவரை அமெரிக்கா சென்று மருத்துவம் பயில வைத்தது.

1900இல் திரும்பியவர் 1909இல் நர்சிங் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அரசாங்கத் தேர்வோ மிகக் கடினம். ஆண்களிலேயே ஐவரில் ஒருவர்தான் தேறுவாராம். பெண்கள் தேறாவிட்டால் மனம் உடைய வேண்டாமென்று உயர் அதிகாரி முன்கூட்டியே எச்சரித்தார். ஒரு நுண்ணோக்கியையும் சில எலும்புகளையும் வைத்துக்கொண்டு அம்மையார் பாடம் நடத்தினார். பெண்களுக்கென்று எளிய வினாத்தாள் கிடையாது. முதலாண்டுத் தேர்வு எழுதிய 14 பேரும் தேறினர்; அவர்களில் நால்வர் முதல் வகுப்பு! கணக்கில் 35 வாங்கவே தவிக்கும் நம் வகுப்பில் இதைப் படித்தபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை.

நர்சிங் மாணவியருக்கும் தரம் உயர்ந்துகொண்டே போனது. 1946இல் வேலூரில் நர்சிங் பட்டப்படிப்பே வந்துவிட்டது. இந்தியாவின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகளில் அதுவும் ஒன்று. அதையும் கண்ட பிறகே, 1960இல் கொடைக்கானலில் அம்மையார் கண்மூடினார்.