விண்ணூர்தி கண்ட ஓர்வில் ரைட்

யந்திரத்தின் பெருமையை அதன் பெரிய உறுப்புகளைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். யந்திரங்களோடு நாளும் பழகுவோர் இவ்வழக்கினை ஒப்புவதில்லை. நம் திருப்பூரிலே பனியன் துணி பின்னும் வட்டப் பொறியில் நூற்றுக்கணக்கான ஊசிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று பழுதுபடின், துணியின் நெடுகிலும் ஒரு கோடு விழுந்துவிடும். பழைய ஊசியைக் களைந்து புதியதை இடுவோன் கவனங் குறைந்தவனாயின், அக்கேடு மாற்றிய பின்னரும் தொடரும். பின்னற் பொறியில் இப்பிழையால் வருவது துணி நட்டம் மட்டுமே. வானத்திற் பறக்கும் ஊர்தியிலோ சிற்றுறுப்பின் பழுது உயிரையே விலையாகக் கேட்கும். இவ்வுண்மையைத் தம் உடம்பிலே ஆறாத நோவாகத் தாங்கி வாழ்ந்தவர் ஓர்வில் ரைட். அன்னாரது சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஓர்வில், அமெரிக்க நாட்டின் ஒகையோ மாகாணத்தைச் சேர்ந்த டேட்டன் நகரில் 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மில்ட்டன் ரைட், ஐக்கிய சகோதரர் திருச்சபையின் அத்தியட்சர். தாயார் சூசன் அம்மையார், வண்டி செய்யும் தொழிலாளி ஒருவரின் புதல்வி. கைவேலையில் மிக்க திறமுடையவர். தமையனார் வில்பர் நான்காண்டு மூத்தவர். தங்கை காத்தரின் மூன்றாண்டு இளையவர். 1878-ஆம் ஆண்டில் தந்தையார் வெளியூர் சென்று திரும்பியபொழுது ஒரு விளையாட்டுப் பொருள் கொணர்ந்தார். மூங்கிலும் தக்கையும் காகிதமும் கொண்டு செய்யப்பட்ட அது, ரப்பர் நாடாவின் முறுக்கு அவிழுங்கால் தன் விசிறிகளைச் சுழற்றி மேலெழும்பும் தன்மையது. அது விரைவில் உடைந்துபோயிற்று. ஆயினும் சிறுவர் இருவரும் அதனைப் போன்ற பிறவற்றைத் தாமே செய்து பார்த்தனர். பிற்காலத்தே அவர்கள் செய்த பெருஞ்செயலுக்கு அதுவே வித்தாயிற்று.

சகோதரர் இருவரும் எக்கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றவரல்லர். ஓர்வில் இளமையில் அச்சுத் தொழிலில் ஈடுபட்டு, 1889-இல் உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றை நடத்தினார். அவ்வாண்டிலேயே தாயார் காச நோயால் மறைந்தார். 1892-இல் சகோதரர் இருவரும் சைக்கிள் கடை வைத்தனர். சில ஆண்டுகளில் தாமே சைக்கிள் செய்து விற்கவும் தொடங்கினர். 1896-ஆம் ஆண்டு ஓர்வில் விஷ ஜுரத்தால் உயிருக்குப் போராடினார். அவ்வாண்டிலேதான் ஜெர்மனி தேசத்தில் சிறகு கட்டிக் குன்றிலிருந்து மிதந்திறங்கிப் பயின்ற லிலியந்தால் என்பார் கீழே விழுந்து மாண்டார். அவர் முடிவு சகோதரரின் சிந்தையைக் கிளறிற்று. மேலெழும்புவதினும், எழும்பிய பின் ஊர்தியை நிலைகுலையாது நடத்துவதே அருஞ்செயல் என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

1900-ஆம் ஆண்டு தொடங்கி மூன்றாண்டுகள், காற்று மிகுந்த கிட்டி ஹாக் கடற்கரை மணற்பரப்புக்குச் சென்று, யந்திரமில்லாச் சறுக்கு விமானங்களில் ஏறிப் பயின்றனர். முன்னோர் எழுதிவைத்த கணக்குகள் பொருந்தாமை கண்டு, 1901-இல் தம் கடையிலேயே காற்று வீசும் நீண்ட பெட்டி ஒன்றமைத்து, ஏறத்தாழ 200 சிறகு வடிவங்களைச் சோதித்தனர். இவர்கள் சிறகுகளுக்குப் போர்த்தியது பட்டன்று, தோலன்று. கடையில் விற்கும் சாதாரணப் பருத்தி மஸ்லின் துணியே. நெசவறிந்த நம் ஊரார் மகிழத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. துணியைச் சட்டத்தின்மேல் நேராக இடாது, ஊடும் பாவும் கோணலாக ஓடும்படி வைத்துத் தைத்தனர். அதனால் நூலிழைகளே சட்டத்தை இழுத்துப் பிடிக்கும் கட்டுகளாய் அமைந்தன.

சிறகு அமைந்த பின்னர் எஞ்சியவை இரண்டு: எஞ்சின் ஒன்று, புரொப்பெல்லர் எனப்படும் சுழல்விசிறி மற்றொன்று. எஞ்சினைக் கடையில் வேலை செய்த சார்லி டெய்லர் என்பார் ஆறு வாரங்களிற் செய்து முடித்தார். அதன் வலிமை 12 குதிரைச் சக்தி. விசிறியோ அவ்வளவில் எளிதாயில்லை. கப்பல்களுக்குரிய விசிறி பற்றிய நூல்களில் தமக்கு வேண்டிய கணக்கு இருக்குமென்று சகோதரர் நம்பியிருந்தனர். அங்ஙனம் ஒன்றும் இல்லை. எனவே தாமே சிந்திக்கலாயினர். சிறகு நேரே செல்கின்றது; விசிறியோ வட்டமிட்டுச் செல்லும் சிறகேயன்றி வேறன்று என்பது அவர்கள் கண்ட முடிவு. இம்முடிவிற்கு வருமுன் பல மாதங்கள் இருவரும் வாதிட்டனர். சில வேளைகளில் நெடுநேரம் வாதிட்டபின், ஒருவர் கொள்கையை மற்றவர் ஏற்றுக்கொண்டு, மீண்டும் மாறுபட்டே நிற்பாராம்!

ஸ்புரூஸ் மரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, கைக்கோடரியாலும் இழைப்புக் கத்தியாலும் செதுக்கி, எட்டரை அடி நீளமுள்ள இரு விசிறிகளைச் செய்தனர். சைக்கிள் சங்கிலியைப் போன்ற சங்கிலிகளால் எஞ்சின் அவற்றைச் சுழற்றியது. ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் சுழலும்படி, ஒரு சங்கிலியைக் குறுக்காக மாற்றிப் பூட்டினர். எஞ்சினின் ஆற்றலில் நான்கில் மூன்று பங்கை அவ்விசிறிகள் உந்துவிசையாக மாற்றின என்பது பிற்காலச் சோதனைகளில் தெளிவாயிற்று. சைக்கிள் கடைக்காரர் இருவர் கைக்கருவிகொண்டு செதுக்கிய மரத்திற்கு அது வியத்தகு பெருமையாகும்.

1903-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கிட்டி ஹாக்கில் விமானத்தைப் பூட்டி எஞ்சினை ஓட்டியபோது, அதன் அதிர்ச்சியால் விசிறிகளின் அச்சுத்தண்டுகள் பழுதுபட்டன. டேட்டனுக்கு அனுப்பிச் செப்பனிட்டு வருவித்தபின், பற்சக்கரங்கள் தளர்ந்தன. சைக்கிள் டயர் ஒட்டும் பசையை இட்டு அவற்றை இறுக்கினர். பின்னர் உட்டுளையுள்ள தண்டு ஒன்றிற் கீறல் கண்டது. குளிர் மிகுந்துவந்த அக்காலத்தில், ஓர்வில் தாமே நெடுந்தூரம் பிரயாணஞ் செய்து டேட்டனை அடைந்து, துளையற்ற கெட்டி எஃகினால் புதிய தண்டுகளைச் செய்துகொண்டு டிசம்பர் 11-ஆம் நாள் மீண்டார். 14-ஆம் நாள் காசு சுண்டிப் பார்த்ததில் முதன்முறை வில்பருக்கு வாய்த்தது. ஊர்தி மூன்றரை விநாடியிற் கீழே விழுந்து சிறிது சேதமுற்றது. 17-ஆம் நாள் ஓர்வில் ஏறினார். 12 விநாடி, 120 அடி. மனிதன் எஞ்சின் பூட்டிய ஊர்தியில் தன் விருப்பப்படி பறந்த முதற் பறப்பு அதுவே. அன்று நடந்த நான்காம் பறப்பில் வில்பர் 59 விநாடியில் 852 அடி சென்றார். 1905-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாளிலோ, 39 நிமிஷத்தில் 24 மைல் தூரம் வட்டமிட்டுப் பறந்தார்.

புகழின் உச்சியில் நிற்குங்காலத்தே ஓர்விலுக்குப் பெருஞ்சோதனை வந்தது. 1908-ஆம் ஆண்டில் வில்பர் பிரான்சு தேசத்தில் பறந்துகாட்ட, ஓர்வில் வாஷிங்டனுக்கு அண்மையிலுள்ள மையர் கோட்டையில் அமெரிக்க ராணுவத்தின் முன்னிலையில் பறந்தார். இருவரை ஏற்றிச் செல்லுதல் ராணுவம் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று. செப்டம்பர் 17-ஆம் நாள், ராணுவக் குழுவின் அங்கத்தினரான லெப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் உடன் ஏறினார். இவர் விமானம் செய்வதிற் போட்டியிட்ட மற்றொரு கூட்டத்தைச் சேர்ந்தவராதலின், ஓர்விலுக்கு இவர்பால் நம்பிக்கை குறைவு. ஆயினும் கடமை கருதி ஏற்றிச் சென்றார். அன்றைய பறப்பின்பொழுது விமானத்திற் பழைய விசிறிகள் இல்லை. அவற்றினும் சற்று நீளமான புதிய விசிறிகள் பொருத்தப்பட்டிருந்தன.

மைதானத்தைச் சுற்றி நான்காம் வட்டம் வருங்கால், பின்புறத்தில் மெல்லிய தட்டோசை ஒன்று ஓர்வில் காதில் விழுந்தது. திரும்பி நோக்கினார், ஒன்றும் புலப்படவில்லை. எஞ்சினை நிறுத்தி இறங்குவதே தக்கதென்று எண்ணிய அக்கணத்தில் இரு பேரோசைகள் எழுந்தன. ஊர்தி நடுங்கிற்று, சுக்கான் கைக்கு அடங்கவில்லை. நூறடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து மூக்குக் குப்புற வீழ்ந்தது. தலையோடு உடைந்த செல்ஃப்ரிட்ஜ் அன்று மாலையே உயிர் நீத்தார். எஞ்சின் பூட்டிய விமானத்தின் வீழ்ச்சியில் முதன்முதல் மாண்டவர் அவரே, வயது 26. ஓர்விலுக்குத் தொடையெலும்பும் விலாவெலும்புகளும் முறிந்தன. பள்ளி ஆசிரியையாயிருந்த தங்கை காத்தரின் செய்தி கேட்டவுடன் வேலையை விட்டு ஓடிவந்து, ஏழு வாரம் இரவும் பகலும் தமையனின் கட்டிலருகே இருந்து காத்தார்.

இந்நிலையில் வேறொருவராயின், விதியை நொந்திருப்பர். அல்லது பழியைப் பிறர்மேல் ஏற்றியிருப்பர். ஓர்வில் செய்தது யாதெனின், சிதறிய விசிறியின் துண்டுகளைத் தம் கட்டிலுக்கே கொண்டுவரச் செய்து, ஒவ்வொன்றாக ஆராய்ந்ததேயாம். அவர் கண்ட காரணம் இது: புதிய விசிறியின் ஓர் அலகு நீளவாட்டத்திற் பிளந்தது. பிளந்த அலகு காற்றைத் தள்ளும் வலியை இழந்தது. எதிரலகோ முழுவலியோடு தள்ளிற்று. ஒருபுறம் பாரமும் மறுபுறம் வெறுமையுமான தராசைப்போல விசிறி ஆடலாயிற்று. அவ்வாட்டத்தால் அச்சைத் தாங்கிய கால்கள் தளர்ந்து, விசிறி தன் இடம் பெயர்ந்து, வால்சுக்கானை இழுத்துப் பிடித்திருந்த கம்பியைத் தாக்கிப் பறித்தது. கம்பி போகவே, சுக்கான் சாய்ந்தது; சுக்கான் சாயவே, ஊர்தி வீழ்ந்தது. மரத்தில் ஒரு கீறல். அதன் முடிவு ஒரு மனிதன் மரணம்.

காரணம் தெரிந்த பின்னர் அதற்கேற்ற மாற்றம் செய்தல் எளிதாயிற்று. விசிறிகளை வலிவுடையனவாக்கினர், சுக்கானின் கட்டுகளையும் திருத்தினர். உறுப்பு ஒன்றை மாற்றுவோன் அவ்வுறுப்பை மட்டும் நோக்குதல் போதாது. அது தளர்ந்தால் அருகே எதைத் தொடும், எதைக் கெடுக்கும் என்பதையும் நோக்கவேண்டும் என்பதே அவ்வீழ்ச்சி புகட்டிய பாடம். 1909-ஆம் ஆண்டு கோடையில், ஓர்வில் நோவு நீங்காத காலோடு அதே மையர் கோட்டைக்குத் திரும்பினார். ஜூலை 27-ஆம் நாள் ஒருவரை உடனேற்றி ஒரு மணி நேரத்திற்கு மேற் பறந்தார். 30-ஆம் நாள் மணிக்கு 42 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் குன்றுகளையும் மரங்களையும் கடந்து சென்று மீண்டார். ராணுவம் 30,000 டாலர் கொடுத்து அவ்விமானத்தை வாங்கியது. தாம் வீழ்ந்த இடத்திலேயே மீண்டும் எழுந்த அவ்வுறுதி, முதற் பறப்பினும் பெரிதென்று கூறின் மிகையாகாது.

1912-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் வில்பர் விஷ ஜுரத்தால் 45-ஆம் வயதில் இறந்தார். இளமையில் தம்பியைத் தின்னவந்த அந்நோய் பின்னர்த் தமையனைக் கொண்டுபோயிற்று. துணையிழந்த ஓர்வில் 1915-இல் விமானக் கம்பெனியை விற்றுவிட்டார். 1918-க்குப் பின் விமானம் ஓட்டுதலையும் விட்டொழித்தார். மையர் கோட்டையில் விழுந்ததன் நோவு அவரை விட்டு நீங்கவில்லை. 12 ஆண்டுகள் கழித்து எடுத்த எக்ஸ்ரே படத்திலேதான், இடுப்பெலும்பில் அதுவரை எவரும் அறியாத முறிவுகள் புலப்பட்டன. மணம் புரியாது எளிய வாழ்க்கை நடத்தி, 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் அவர் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன்கூடத் தம் வீட்டுக் கதவின் மணியைத் தாமே பழுது பார்த்துக்கொண்டிருந்தார் என்பது, அவரது கை கடைசிவரை சோம்பியிருக்கவில்லை என்பதற்குச் சான்று.

இவர் மூட்டிய தீ கடல் கடந்து நம் நாட்டையும் எட்டியது. 1910-ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஓட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்பார், சிம்ப்சன் வண்டிப் பட்டறையில் விமானம் ஒன்றைக் கட்டுவித்துப் பல்லாவரத்திற் பறந்துகாட்டினார். இன்று கோவைக்குக் கிழக்கே சூலூர் விமானத்தளத்திலிருந்து எழும் ஊர்திகளின் முழக்கம் நம் நாட்டுப்புறமெங்கும் கேட்கின்றது. அம்முழக்கம் செவியில் விழும்பொழுது, எட்டரை அடி மரத்தைக் கையாற் செதுக்கிய அச்சகோதரரை நினைத்தல் தகும்.

மாணவ நண்பர்களே! பட்டறையிலோ, ஆராய்ச்சிச் சாலையிலோ, ஆலையிலோ உங்கள் கையில் ஒரு யந்திரம் ஒப்புவிக்கப்படும் நாள் வரும். அப்பொழுது சிற்றுறுப்பென்று எதனையும் இகழாதீர்கள். மெல்லிய தட்டோசை கேட்பின், அது நீங்கிவிடுமென்று வாளாவிராதீர்கள். தவறு நேர்ந்தால் உடைந்த துண்டுகளை மறைக்காது, கையிலெடுத்து ஆராயுங்கள். ஓர்வில் ரைட்டின் கட்டிலருகே கிடந்த பிளந்த மரத்துண்டு நமக்குச் சொல்லும் அறிவுரை இதுவேயாகும்.