ஜிம் கார்பெட் கட்டிய சின்ன மூட்டை



விடுமுறை வந்துவிட்டால் நம் லிஃப்ட்களில் ஆட்களைவிடப் பெட்டிகளே அதிகம். இரண்டு நாள் மலைப்பயணத்துக்கு நான்கு பெட்டி கட்டுகிறோம். ஆனால் டார்ச் எரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் இந்த இதழில் ஜிம் கார்பெட்டைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது.

கார்பெட் 1875-ல் நைனிடாலில் பிறந்தார். அப்பா அந்த ஊரின் போஸ்ட் மாஸ்டர். ஜிம் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். குளிர்காலத்தில் குடும்பம் மலையடிவாரத்துக் காலாதுங்கிக்கு இறங்கிவிடும். காட்டை அவர் கற்றுக்கொண்டது அங்கேதான். பெரியவரானதும் ரயில்வேயில் சேர்ந்து, கங்கைக்கரை மொகாமே காட்டில் சரக்கு மாற்றும் வேலையை இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்த்தார். வேட்டை அவருக்குப் பிழைப்பு அல்ல.

1907-ல் சம்பாவத் பெண்புலியைத் தேடிப் போகச் சொல்லி அவருக்கு அழைப்பு வந்தது. அது கொன்றவர்கள் 436 பேர் என்பது அவர் எழுதிய கணக்கு. புறப்படும் முன் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். புலிக்கு அறிவித்த பரிசுப்பணத்தை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பணத்துக்காகச் சுடுபவர் என்ற பெயர் அவருக்கு வேண்டாம். யாரோ தவறிச் சுடும் குண்டுக்கு இரையாகவும் விருப்பமில்லை. மூட்டை கட்டுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய ஏற்பாடு இது. பிறகு சுமை தூக்க ஆறு பேருடன் நடந்தே கிளம்பினார்.

அவருடைய காட்டு உடுப்பு எளிமையானது: அரைக்கால் சட்டை, ரப்பர் அடி வைத்த மெல்லிய காலணி. காய்ந்த சருகில் கனத்த பூட்ஸ் சத்தம் போடும். ரப்பர் அடி போடாது. ஆட்கொல்லியைப் பின்தொடர்பவருக்கு அந்தச் சத்தமே எமன் ஆகிவிடும்.

ஆனால் குறைவாக எடுத்துப் போவதிலும் ஆபத்து உண்டு என்பதைச் சம்பாவத் காட்டியது. இரண்டு முறைக்கு மேல் சுட வாய்ப்பு வராது, அவசரத்துக்கு இன்னொன்று போதும் என்று கணக்குப் போட்டு அன்று மூன்றே தோட்டாக்களை எடுத்துப் போயிருந்தார். மூன்றும் தீர்ந்தன, புலி விழவில்லை. ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்பினார். கிட்டே வந்த பிறகுதான் அந்தப் பழைய துப்பாக்கியின் குழாய் விலகியிருப்பது தெரிந்தது. வாயைக் குறி பார்த்துச் சுட்டார். குண்டு பட்டது காலில். நல்லவேளை, முன்பு பட்ட காயங்களாலேயே புலி இறந்தது.

அந்த வேட்டைக்காகத் துணைநிலை ஆளுநர் ஜான் ஹிவெட் அவருக்கு எடை குறைந்த .275 ரிக்பி ரைபிளைப் பரிசளித்தார். 1930-ல் சௌகர் பெண்புலியை நேருக்கு நேர் சந்தித்தபோது அவர் இடது கையில் பறவை முட்டைகள் இருந்தன. வலது கையால் மட்டுமே அந்த ரைபிளை மெல்லத் திருப்பிச் சுட்டார். கனமான துப்பாக்கியாக இருந்திருந்தால் கதை வேறு.

1926-ல் ருத்ரபிரயாக் சிறுத்தை. யாத்திரைப் பாதையில் 125 பேரைக் கொன்றதாக அரசுக் கணக்கு. கடைசி இரவில் ரைபிளில் டார்ச் பொருத்தி மாமரத்தில் காத்திருந்தார். வெளிச்சம் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். சுட்டவுடன் டார்ச் அணைந்துவிட்டது. குறி தப்பவில்லை என்பது விடிந்த பிறகே தெரிந்தது.

பின்னாளில் அவர் கேமராவைக் கையில் எடுத்தார். புலியைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசினார், எழுதினார். 1936-ல் தொடங்கிய தேசியப் பூங்கா இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1947-ல் தமக்கை மேகியுடன் கென்யா சென்றார். 1955-ல் நியேரியில் காலமானார்.

இன்று வேட்டை சட்டப்படி குற்றம். 1972 சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் காட்டுக்கு அருகே தங்கப் போகும் நமக்கும் அவரிடம் பாடம் இருக்கிறது. சுமையைக் குறையுங்கள். எதைக் குறைக்கக் கூடாது என்று முதலில் யோசியுங்கள்: தண்ணீர், மருந்து, மாற்று பேட்டரி. கடன் வாங்கிய டார்ச்சையும் கூடாரத்தையும் வீட்டிலேயே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். புதுக் காலணியை ஒரு வாரம் நம் வளாகத்திலேயே போட்டு நடந்து பழகுங்கள். பத்திரமாகப் போய் வாருங்கள்!