பேராயர் வி.எஸ். அசரியா வாழ்வில் இறையழைப்பு: தேர்தலும் தொடர்தலும்

முன்னுரை

கிறித்தவ வழக்கில் இறையழைப்பு என்னும் சொல் பெரும்பாலும் குருத்துவப் பணியைக் குறிப்பதாகவே வழங்கி வந்துள்ளது. அழைப்பு என்பது ஒருவர் தம் அகத்தில் மட்டும் கேட்கும் குரலா, அன்றிப் பிறரது தேவையாலும் திருச்சபையின் வேண்டுகோளாலும் தெளிவு பெறுவதா என்பது நெடுநாளைய வினா. இவ்வினாவுக்குத் தமிழ்க் கிறித்தவ வரலாறு தரும் விடைகளுள் ஒன்றாக வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் (1874–1945) வாழ்வு அமைகிறது. 1938ஆம் ஆண்டு திசம்பரில் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாடு அவ்வாழ்வின் பல இழைகள் ஒன்றுசேர்ந்த இடமாகும். அவர் அழைப்பைத் தேர்ந்த முறையையும் தொடர்ந்த முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பிறப்பும் பெயரும்

அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் நாடார் சமூகத்திலிருந்து கிறித்தவம் தழுவி ஆங்கிலிக்கன் குருவானவர். தாய் எலன். நெடுங்காலக் காத்திருப்பின் பின் பிறந்த மகனுக்குப் பெற்றோர் சாமுவேல் எனப் பெயரிட்டனர்.

விவிலியச் சாமுவேல் இரவில் தன்னை அழைத்த குரலை இன்னாரது எனத் தானாக அறியவில்லை. முதியவராகிய ஏலி உணர்த்திய பின்னரே அறிந்தான். அழைப்பைக் கேட்பவர் ஒருவராகவும் அதனை அடையாளம் காட்டுபவர் மற்றொருவராகவும் இருக்கும் இந்த அமைப்பு, அசரியாவின் வாழ்விலும் மீளமீளக் காணப்படுகிறது.

கல்வியும் முதற்பணியும்

திருநெல்வேலியில் பயின்றபின் அசரியா 1890களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி அப்போது சென்னை நகரின் வடபகுதியில், உயர்நீதிமன்றத்தை அடுத்து அமைந்திருந்தது. இறுதித் தேர்வு நேரத்தில் நோயுற்றதால் அவர் பட்டம் பெறாமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார். கல்வித் தகுதி வழியாக உயர்பதவி பெறும் பாதை அன்று கற்ற இளைஞருக்குத் திறந்திருந்தது. அவர் அப்பாதைக்கு மீளவில்லை. 1895இல் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் செயலராகப் பொறுப்பேற்றுத் தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்தார். 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார்.

யாழ்ப்பாணம் தந்த தெளிவு

1902இல் அசரியா மேற்கொண்ட யாழ்ப்பாணப் பயணம் அவர் வாழ்வின் முதல் திருப்பமாகும். யாழ்ப்பாணத் தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்தப் பொருளைக்கொண்டு கடல் கடந்து தமிழகத்துக்கு ஊழியர்களை அனுப்பியிருந்தனர். எண்ணிக்கையிலும் வரலாற்றிலும் பெரிதாகிய திருநெல்வேலித் திருச்சபை அத்தகைய முயற்சியைத் தானாக மேற்கொள்ளவில்லை என்பது அவர் மனத்தை உறுத்தியது. ஏலியின் இடத்தில் இங்கு நின்றது மற்றொரு தமிழ்ச் சமூகம் எனலாம்.

அதன் விளைவாக 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியர் பொருள், இந்தியர் உழைப்பு, இந்தியர் தலைமை என்பன அதன் அடிப்படைகள். 1905ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் செராம்பூரில் அனைத்திந்திய அளவில் தேசிய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டபோதும் அசரியா அதன் முதன்மையாளருள் ஒருவராக இருந்தார்.

திருநெல்வேலிச் சங்கம் தன் பணிக்களமாக நிசாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லைத் தெரிந்துகொண்டது. அங்குச் செல்லுமாறு இளைஞரைத் தூண்டி வந்த அசரியாவுக்குத் தாம் ஏன் செல்லலாகாது என்னும் வினா எழுந்தது. பிறருக்கென அவர் வகுத்த வாதம் அவரையே கட்டுப்படுத்தியது. 1909இல் ஒய்.எம்.சி.ஏ. பொறுப்பை விடுத்து, அவ்வாண்டிலேயே திருப்பணிக்கு அருட்பொழிவு பெற்றார். முப்பத்தைந்தை எட்டும் வயதில் தெலுங்கைத் தொடக்கநிலையிலிருந்து கற்கத் தொடங்கினார். மொழியாலும் நிலத்தாலும் தமக்கு அயலான மக்களிடம் சென்றதே அழைப்புக்கு அவர் செலுத்திய முதல் விலையாகும்.

பேராயர் பதவி

1910இல் எடின்பரோவில் நடைபெற்ற உலக மிஷனெரி மாநாட்டில் கூடிய ஏறத்தாழ 1200 பேருள் ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபைகளைச் சேர்ந்தோர் மிகச் சிலரே. அங்குப் பேசிய அசரியா, மேலைநாட்டு ஊழியரின் தியாகத்தை மதித்தபோதிலும், அவர்கள் இந்திய உடன்பணியாளரைச் சமநிலை நண்பராக ஏற்கவில்லை என்னும் குறையை வெளிப்படையாக எடுத்துரைத்தார். அவையில் சிலர் அவ்வுரையை வரவேற்றனர்; சிலர் சினந்தனர்.

அவரைப் பேராயராக்க வேண்டும் எனச் சென்னைப் பேராயர் ஹென்றி வொயிட்ஹெட் முனைந்தார். ஐரோப்பியர் சிலரிடமிருந்தும் இந்தியக் கிறித்தவர் சிலரிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. எனினும் 1912ஆம் ஆண்டு திசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் திருநிலைப்படுத்தப்பட்டார். பட்டம் பெறாது கல்லூரியை விட்டவருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920இல் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது.

எல்லார்க்கும் உரிய அழைப்பு

தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் திருச்சபையில் சேர்ந்தோருள் பெரும்பான்மையர் மாலர், மாதிகர் ஆகிய ஒடுக்கப்பட்ட சமூகத்தார். 1930களின் இறுதிக்குள் அம்மறைமாவட்டக் கிறித்தவர் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்தது. திருமுழுக்குப் பெறுவோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியைப் பிறர்க்கு அறிவிப்பது தம் கடன் என்று உறுதிகூறும் முறையை அசரியா பின்பற்றினார். இதனால் அழைப்பு குருக்களின் தனியுரிமை என்னும் நிலை மாறி, எழுத்தறியாக் கூலித் தொழிலாளருக்கும் உரியதாயிற்று. பரிசில் பெற்றவர் பெறாதவரை வழிப்படுத்தும் தமிழ் ஆற்றுப்படை மரபை இம்முறை நினைவூட்டுகிறது. ஆற்றுப்படையிலும் வழிகாட்டும் தகுதியைத் தருவது பெற்ற அனுபவமே. பிறப்போ பதவியோ அன்று.

இக்கொள்கையே காந்தியடிகளுடன் கருத்து வேறுபாட்டுக்கும் காரணமாயிற்று. ஒடுக்கப்பட்டோரின் திரள் மதமாற்றத்தைக் காந்தியடிகள் 1930களில் கடுமையாக மறுத்தார். சமயப் பொருளை ஆய்ந்து தெளியும் வாய்ப்பு அம்மக்களுக்கு இல்லை என்பது அம்மறுப்பின் அடிப்படைகளுள் ஒன்று. அசரியாவின் நிலைப்பாடு இதற்கு நேர்மாறானது. கல்வியற்றவரும் இறைக்குரலைக் கேட்கவும் மறுமொழி கூறவும் வல்லவர் என்பது அவர் துணிபு. அதே வேளையில் கிறித்தவருக்குத் தனித்தொகுதி ஒதுக்குவதை அவர் எதிர்த்தார். அழைப்பை அரசியல் எண்ணிக்கையாக்குவதில் அவருக்கு உடன்பாடில்லை என்பது இதனால் பெறப்படும்.

தாம்பரம் 1938

1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டுத் தாம்பரத்தில் சேலையூரை ஒட்டிய காட்டுநிலத்துக்குப் பெயர்ந்தது. சீனாவில் நடைபெறுவதாக இருந்த அனைத்துலக மிஷனெரி மாநாடு, சப்பானியப் படையெடுப்பினால் அப்புதிய வளாகத்துக்கு மாற்றப்பட்டது. 1938 திசம்பர் 12 முதல் 29 வரை, ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து 470 பேர் கூடினர். அவர்களுள் சரிபாதியினர் இளைய திருச்சபைகளைச் சார்ந்தோர். எடின்பரோவில் அசரியா சுட்டிய குறை, 28 ஆண்டுகளுக்குப் பின் எண்ணிக்கை அளவிலேனும் நீங்கியிருந்தது.

ஹெண்ட்ரிக் கிரேமரின் நூலை ஒட்டிப் பிற சமயங்களில் இறைவெளிப்பாடு உண்டா என்னும் விவாதம் அங்கு முதன்மை பெற்றது. அக்கல்லூரியின் முதல்வராக இருந்த ஏ.ஜி. ஹாக், சென்னைச் சிந்தனையாளர்களான பி. செஞ்சையா, வி. சக்கரை முதலியோர் கிரேமரின் கருத்தை மறுத்தனர். அறுபத்து நான்கு வயதினரான அசரியாவின் கவனமோ திருச்சபை ஒருமைப்பாட்டின் மீது நிலைத்திருந்தது. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய அம்முயற்சியில் அவர் முன்னின்றவர். பிளவுண்ட சபை சாதியால் பிளவுண்ட மக்களை ஒருமைக்கு அழைத்தல் முரண் என்பது அவர் எண்ணம்.

மாநாடு நிறைவுற்ற நாள் அவர் பேராயரான நாளின் இருபத்தாறாம் ஆண்டு நிறைவாகும். அடுத்த வாரம், 1939 சனவரி 6ஆம் நாள், கோயில் மண்டபத் தூண்களும் இசுலாமியக் கலைக் கூறுகளும் இணைந்த தோர்ணக்கல் பேராலயம் அருட்பொழிவு பெற்றது.

முடிவுரை

அசரியா 1945ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் மறைந்தார். அவர் விழைந்த தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27ஆம் நாளே உருவாயிற்று. அவர் வாழ்வில் அழைப்பு ஒற்றைக் கணத்தின் காட்சியாக நிகழவில்லை. யாழ்ப்பாணத்தாரின் முன்மாதிரி, தம் சொல்லே எழுப்பிய வினா, மூத்தோரின் அழுத்தம் ஆகியவற்றால் அது படிப்படியாகத் தெளிவுற்றது. தமக்குக் கிடைத்த அழைப்பை அவர் பதவியாகக் கொள்ளாது, சமூகம் செவிகொடுக்க மறுத்த மக்களும் அழைக்கப்பட்டோரே என நிறுவுவதற்குப் பயன்படுத்தினார். தமிழ்க் கிறித்தவ வரலாற்றில் அவருக்குரிய இடத்தை உறுதிசெய்வது முதல் இந்தியப் பேராயர் என்னும் சிறப்பினும் இப்பங்களிப்பே எனலாம்.