நெமோவின் தாய்நாடு
ஜூல்ஸ் வெர்ன் வாழ்வும் ஒரு கடற்கதையின் மறைந்த வரலாறும்

இலத்தீன் மொழியில் நெமோ என்னும் சொல்லுக்கு எவருமிலர் என்பது பொருள். ஜூல்ஸ் வெர்ன் படைத்த 'கடலடியில் இருபதாயிரம் லீக்' என்னும் புதினத்தின் தலைவன் அப்பெயரைத் தானே சூட்டிக்கொண்டவன். நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் உலகக் கடல்களையெல்லாம் சுற்றி வருகின்றான். மூழ்கிய கப்பல்களின் பொன்னை மீட்டுப் போராடும் மக்களுக்கு அனுப்புகின்றான். ஒரு போர்க்கப்பலை இரக்கமின்றித் தகர்க்கின்றான். அவன் எந்த நாட்டவன், எவர்மீது சினம் கொண்டான் என்பதை மட்டும் புதினம் இறுதிவரை சொல்வதில்லை. இம்மௌனம் கதையைச் சுவையாக்கும் உத்தி என்றே பலரும் கருதி வந்தனர். உண்மையில் அது எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் நிகழ்ந்த நெடிய பூசலின் எச்சம். வெர்னின் வாழ்வை அறியாமல் அதன் பொருளை அறிய இயலாது.

பிரான்சின் மேற்கே, லுவார் ஆற்றங்கரையில் உள்ள நாந்த் துறைமுக நகரில் 1828 பிப்ரவரி 8 அன்று வெர்ன் பிறந்தார். தந்தை பியேர் வெர்ன் வழக்கறிஞர். தாய் சோபி கப்பல் உடைமையாளர் குடிவழியினர். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் அடிமை வாணிகத்திற்குத் தலைமைத் துறைமுகமாக விளங்கியது நாந்த். பாய்மரங்கள் நெருங்கி நின்ற அத்துறையைப் பார்த்தே சிறுவன் வளர்ந்தான். பதினோராம் அகவையில் கப்பலேறி ஓட முயன்று தந்தையால் மீட்கப்பட்டான் என்றொரு கதை நெடுநாள் வழங்கி வந்தது. குடும்பத்தார் எழுதிய வாழ்க்கை வரலாற்றால் பரவிய அக்கதையை ஆய்வாளர்கள் இன்று ஏற்பதில்லை. கடலுக்குச் சென்றவர் தம்பி பால். அவர் கடற்படை அலுவலரானார். மூத்தவருக்கோ தந்தையின் அலுவலக நாற்காலியே குறிக்கப்பட்டிருந்தது.

சட்டம் பயிலப் பாரிசு சென்ற வெர்ன் நாடக அரங்குகளை நாடினார். அலெக்சாந்தர் தூமா குடும்பத்தின் நட்பு கிடைத்தது. 1850 இல் அவருடைய முதல் நாடகம் மேடையேறியது. சட்டப் படிப்பை முடித்தபோதும் தந்தையின் தொழிலை ஏற்க மறுத்தார். லிரிக் நாடக அரங்கில் செயலராக உழைத்தும் வறுமை விலகவில்லை. 1857 இல் இரு பெண்மக்களையுடைய ஒனொரீன் என்னும் கைம்பெண்ணை மணந்தார். குடும்பச் சுமையைத் தாங்கப் பாரிசுப் பங்குச் சந்தையில் தரகுத் தொழிலில் சேர்ந்தார். வைகறையில் எழுத்து, பகலில் சந்தை, எஞ்சிய பொழுதில் நூலகம் என நாள்கள் கழிந்தன. நிலவியல், கடலியல், பொறியியல் எனப் படித்தவற்றையெல்லாம் குறிப்பெடுத்து வைப்பது வாழ்நாள் வழக்கமாயிற்று. 1861 இல் மகன் மிசேல் பிறந்தான்.

1862 இல் பியேர்-ஜூல் எட்செல் என்னும் பதிப்பாளரைச் சந்தித்தது வாழ்வின் திருப்பமாகும். பால்சாக், உய்கோ முதலியோரின் நூல்களை வெளியிட்ட எட்செல் குடியரசுக் கொள்கையினர். 1851 இல் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியபின் பிரசல்சில் ஆண்டுக்கணக்காக நாடுகடந்து வாழ்ந்தவர். அவர் வெளியிட்ட 'பலூனில் ஐந்து வாரங்கள்' 1863 சனவரியில் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. நீண்டகால ஒப்பந்தம் உருவாயிற்று. வெர்ன் சந்தையை விட்டு விலகினார். ஆனால் எட்செல் அச்சிடுபவர் மட்டுமல்லர். கையெழுத்துப் படியின் ஓரங்களில் திருத்தம் எழுதும் ஆசானாகவும் விளங்கினார். எதிர்காலப் பாரிசைப் பற்றி வெர்ன் எழுதிய இருள் நிறைந்த புதினமொன்றை அவர் மறுத்துவிட்டார். கவிதைக்கு இடமில்லாத நகரில் ஓர் இளங்கவிஞன் பசியால் அழிவதே அதன் கதை. வெர்ன் அதனை ஒதுக்கி வைத்தார். 1994 இல்தான் அது அச்சேறியது.

கடலடிக் கதை எழுதுமாறு 1865 இல் கடிதவழித் தூண்டியவர் ஜார்ஜ் சாண்ட் அம்மையார். காலமும் அதற்கு ஏற்றதாயிருந்தது. 1863 இல் பிரெஞ்சுக் கடற்படை பிளான்ஷர் என்னும் நீர்மூழ்கிக் கப்பலை நீரில் இறக்கியிருந்தது. அது அமுக்கிய காற்றால் இயங்கியது. ரூக்கைரோல் என்னும் சுரங்கப் பொறியாளரும் தெனைரூஸ் என்னும் கடற்படை அலுவலரும் சேர்ந்து, முக்குளிப்போர் முதுகில் சுமந்து மூச்சுவிடும் காற்றுக் கலத்தைச் செப்பம் செய்திருந்தனர். அக்கருவியைப் பெயர் சுட்டியே புதினத்தில் பயன்படுத்தினார் வெர்ன். 1867 இல் தம்பியுடன் கிரேட் ஈஸ்டர்ன் என்னும் பெருங்கப்பலில் அமெரிக்கா சென்று திரும்பினார். பின்னர் லெ குரோத்துவா என்னும் மீனவர் ஊரில் சேன் மிசேல் என்ற தம் சிறு படகிலும் அமர்ந்து எழுதினார். தலைப்பிலுள்ள இருபதாயிரம் லீக் கடலின் ஆழமன்று. நாட்டிலஸ் கடந்த தொலைவு, ஏறத்தாழ 80,000 கிலோமீட்டர்.

வெர்னின் முதல் எண்ணத்தில் நெமோ ஒரு போலந்து நாட்டவன். 1863 இல் உருசியப் பேரரசுக்கு எதிராகப் போலந்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி குருதியில் மூழ்கடிக்கப்பட்டது. மனைவி மக்களை இழந்த அந்நாட்டு உயர்குடியினன் உருசியக் கப்பலைத் தகர்த்தால் அச்செயலைப் படிப்போர் உணர்ந்துகொள்வர் என்று வெர்ன் கருதினார். எட்செல் உடன்படவில்லை. பிரான்சுக்கும் உருசியாவுக்குமுள்ள உறவு கெடும். உருசியாவில் நூல் விற்பனையும் தடைப்படும் என்று அஞ்சினார். அடிமை வாணிகரைத் துரத்தும் வீரனாக நெமோவை மாற்றலாமே என்றார். அப்படி மாற்றினால் நெமோ வேறொருவனாகி விடுவான் என்று வெர்ன் மறுத்தார். கடிதங்கள் பல சென்று வந்தன. இறுதியில் வெர்ன் ஓர் எல்லைவரை இறங்கினார். நாட்டின் பெயர் நீங்கியது. தகர்க்கப்படும் கப்பலின் கொடியும் நீங்கியது. கப்பலைத் தகர்க்கும் காட்சியை மட்டும் அவர் விடவில்லை. பெயரை விட்டுக்கொடுத்த அவர் சினத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1869 மார்ச்சு முதல் 1870 சூன் வரை எட்செலின் இளையோர் இதழில் தொடராக வெளிவந்த கதை இவ்வாறு உருப்பெற்றதே.

பெயர் மறைந்தபின் நெமோவை அடையாளம் காட்டுவன அவன் செயல்களே. எசுப்பானியாவின் வீகோ விரிகுடாக் காட்சி அவற்றுள் தலையாயது. 1702 அக்டோபரில், எசுப்பானிய அரியணைக்கான போரின்போது, அமெரிக்கச் செல்வத்தை ஏற்றி வந்த எசுப்பானியக் கப்பல்களும் காவலாக வந்த பிரெஞ்சுக் கப்பல்களும் அங்கே ஆங்கில, ஒல்லாந்தப் படைகளிடம் சிக்கின. பல கப்பல்கள் எரிந்தும் மூழ்கியும் அழிந்தன. வெள்ளியின் பெரும்பகுதி போருக்கு முன்பே கரையிறக்கப்பட்டுவிட்டது என்பது வரலாற்றாசிரியர் முடிவு. ஆயினும் புதையல் நம்பிக்கை ஓயவில்லை. புதினம் வெளிவந்த காலத்தையொட்டியே பிரெஞ்சு முக்குளிப்போர் அங்கு இறங்கித் தேடிச் சிறிதளவே கண்டனர். வெர்னின் கதையிலோ நாட்டிலஸ் கப்பலோர் விளக்கொளியில் நடந்து, மட்கிய பெட்டிகளினின்று பொற்கட்டிகளை அள்ளி வருகின்றனர். அமெரிக்கத் தொல்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட செல்வம் ஒடுக்கப்பட்டோர்க்கே திரும்புதல் வேண்டும் என்பது நெமோவின் கணக்கு. துருக்கியப் பேரரசை எதிர்த்துக் கிரீட் தீவு போராடிய காலத்தில், அத்தீவின் அருகே ஒரு முக்குளிப்பான் வழியாக அவன் பொன் அனுப்புவதும் இக்கணக்கின்படியே.

தமிழ் வாசகர்க்கு நெருக்கமான காட்சி மன்னார் வளைகுடாவில் நிகழ்கின்றது. சலாபக் காலம் தொடங்குமுன் முத்துப் பாருக்குத் தனியே தோணியில் வந்த ஏழை ஒருவன், கல்லின் கனத்தால் கடலடிக்கு இறங்கிச் சிப்பி சேர்க்கின்றான். சுறா அவன்மீது பாய, நெமோ கையில் குத்துவாளுடன் இடைப்புகுகின்றான். ஈட்டியெறிவோன் நெட் லாண்டின் உதவியால் சுறா மடிகின்றது. உயிர் மீண்டவன் கையில் ஒரு பை முத்துகளை வைத்துவிட்டு நெமோ அகல்கின்றான். அம்மனிதன் ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன், தானும் இறுதி மூச்சுவரை அத்தகையோரைச் சேர்ந்தவனே என்று பின்னர் உணர்ச்சி பொங்கக் கூறுகின்றான். அன்று இதனைப் படித்தவர்க்கு அது பொதுவான இரக்கமாகவே தோன்றியிருக்கும்.

ஆறாண்டுகளுக்குள் அதன் பொருள் மாறியது. 1874-75 இல் வெளிவந்த 'மர்மத் தீவு' புதினத்தில், இறக்கும் நெமோ தன் வரலாற்றைத் திறக்கின்றான். அவன் பண்டேல்கண்டு அரசரின் மகன்; திப்பு சுல்தானின் உறவில் மருமகன்; இளவரசர் தக்கார் என்பது பெயர். ஐரோப்பாவில் கல்வி கற்றவன். 1857 கிளர்ச்சியில் போரிட்டு, குடும்பத்தையும் நாட்டையும் இழந்து கடலுக்குள் மறைந்தவன். பண்டேல்கண்டையும் மைசூரையும் ஒரே குடும்பமாக்கியதில் வெர்னின் வரலாற்றறிவு தடுமாறுகின்றது. இரு புதினங்களின் ஆண்டுக் கணக்கும் பொருந்தவில்லை. எனினும் போலந்துக்கு மறுக்கப்பட்ட இடம் இந்தியாவுக்குக் கிடைத்தது. எட்செலின் பேனா இங்கும் ஓயவில்லை. கையெழுத்துப் படியில் நெமோ விடுதலையைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லுடன் உயிர் துறந்தான். அச்சில் அது கடவுளையும் தாய்நாட்டையும் குறிக்கும் தொடராயிற்று.

ஆங்கிலத்தில் நேர்ந்தது இதனினும் பெரிது. கடலடிப் புதினத்தை 1870களில் மொழிபெயர்த்த மெர்சியர் ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதியை நீக்கிவிட்டார். கிங்ஸ்டன் பெயரில் வந்த 'மர்மத் தீவு' மொழிபெயர்ப்பிலோ, ஆங்கில ஆட்சியைக் கண்டிக்கும் பகுதிகள் அவ்வாட்சிக்குச் சாதகமாகத் திரிக்கப்பட்டன. இந்தியாவிலும் பரவியது இவ்வாங்கில வடிவமே. தம் நாட்டு இளவரசனின் சினத்தை இந்நாட்டார் ஆள்வோர் திருத்திய படியிலேயே படிக்க நேர்ந்தது.

வெர்ன் 1871 முதல் மனைவியின் ஊரான அமியானில் வாழ்ந்தார். 'எண்பது நாள்களில் உலகப் பயணம்' புத்தகமாகவும் 1874 முதல் நாடகமாகவும் செல்வம் குவித்தது. இல்லத்தில் அமைதி இல்லை. அடங்காத மகனை மெத்ரே சீர்திருத்தப் பண்ணைக்கு அனுப்பினார். 1878 இல் இந்தியா செல்லும் கப்பலில் ஏற்றினார். தாம் எழுதிய நாட்டை வெர்ன் ஒருநாளும் கண்டதில்லை. 1880 இல் வெளிவந்த 'நீராவி வீடு' புதினத்தில் 1857 கிளர்ச்சியை மீண்டும் தொட்டபோது, கதை ஆங்கிலேயர் பக்கமே சாய்ந்தது. நானா சாகிப் கொடியவனாகக் காட்டப்பட்டார். பிற்காலத்தில் திரைபஸ் வழக்கில், பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட அந்த யூத அலுவலருக்கு எதிரணியிலேயே வெர்ன் நின்றார். நெமோவைப் படைத்தவர் எப்போதும் நெமோவாக இருந்தாரில்லை.

1886 மார்ச்சு 9 அன்று மனநலம் குன்றிய உறவினர் ஒருவர் சுட்டதில் காலில் குண்டு பாய்ந்து, வெர்ன் எஞ்சிய நாளெல்லாம் நொண்டி நடந்தார். எட்டே நாளில் எட்செல் மறைந்தார். கடற்பயணம் நின்றது. 1888 முதல் அமியான் நகர்மன்ற உறுப்பினராகத் தொண்டாற்றினார். 1897 இல் தம்பி பால் இறந்தார். அதனையடுத்து, தம் கடிதங்களையும் கணக்கேடுகளையும் அச்சேறாத எழுத்துகள் பலவற்றையும் வெர்ன் தீயிட்டார். நீரிழிவு நோயால் நலிந்து 1905 மார்ச்சு 24 அன்று காலமானார். இறப்புக்குப் பின் வெளிவந்த புதினங்களை மகன் மிசேல் பெரிதும் மாற்றி எழுதினார். அவற்றின் மூல வடிவங்கள் 1980களிலிருந்தே வெளிவரலாயின.

வெர்ன் எரித்த தாள்கள் போயின. எட்செலுக்கு அனுப்பிய கடிதங்கள் பதிப்பகத்தாரிடம் எஞ்சின. போலந்து நாட்டு நெமோவை உலகம் அறிந்தது அவற்றால்தான். பதிப்பாளரின்றி வெர்ன் இல்லை. அப்பதிப்பாளரே அவர் சொல்ல விரும்பிய பெயரையும் அழித்தார். இவ்விரண்டும் உண்மை. ஆனால் அழிக்கப்பட்ட இடத்தில் வெர்ன் பொய்ப்பெயர் எதனையும் எழுதவில்லை. அதனை வெற்றிடமாகவே விட்டார். நிரப்பாமல் விட்டமையால்தான் பின்னொரு நாள் இந்தியாவின் பெயர் அங்கே பொருந்தியது. தணிக்கைக்கும் தயவுக்கும் இடையில் எழுத நேரும் எவர்க்கும் அவ்வெற்றிடம் ஒரு பாடம். ஒரு சொல்லை இழந்தும் ஒரு படைப்பு நிலைக்கலாம். அச்சொல்லுக்குப் பின்னிருந்த உணர்வையும் இழந்தால் நிலைக்காது.